காகிதத்தில் மடித்த செட்டு மாத்திரை

எங்கள் நாமக்கல் பக்கம் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தால் ஐந்து நிமிடத்தில் அவனைச் சுற்றி ஐந்து வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். ஐந்து பேரில் ஒருவரும் எதையும் படித்தவரில்லை. ஆனாலும் நோயின் பெயர் ஐவருக்கும் தெரியும்: வாயு. நெஞ்சு அடைத்தால் வாயு, முதுகு பிடித்தால் வாயு, மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் மாமியாருக்கு வாயு. ஜனங்களின் பேச்சென்றால் எனக்கு உயிர். லாரிகளின் பின்பக்கத்தில் வாசகம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊர்ப் பேச்சைத் தவிர வேறு பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை. அப்படிப்பட்ட எனக்கே காதில் விழுந்தால் குமட்டுகிற பேச்சு ஒன்று உண்டென்றால் அது, “வெறும் கேஸுங்க.”

நான் பெயின்ட் அடிக்கிற லாரி பாடி பில்டிங் பட்டறையில்தான் என் மச்சினன் வெல்டர். என் வீட்டுக்காரியின் தம்பி. வயது முப்பத்தாறு. ஆறு வருஷம் பெண் தேடி, போகாத ஊரெல்லாம் போய் பஜ்ஜி தின்றதுதான் மிச்சம் என்று ஆகி, கடைசியில் ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிற ஒருவர் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார். பத்திரிகை அடிக்கிற நேரம்.

நாளெல்லாம் குனிந்து பற்றவைக்கிற வேலை. மச்சினனுக்கு இடுப்புக் குறுக்கு பிடித்துக்கொண்டது. அவனுக்கு வைத்தியம் சொன்ன மகான் யாரென்றால், நான்தான். மருந்துக் கடையில் “குறுக்கு வலிக்கு ஒரு செட்டு” என்று கேட்டால் போதும். சீட்டும் வேண்டாம், கேள்வியும் கிடையாது. மூன்று அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளை, மஞ்சள், ரோஸ். எனக்குக் கேட்டது, அவனுக்கும் கேட்டது. வெறும் வயிற்றில் ஒரு டீ, ஒரு செட்டு என்று ஒரு வருஷமாக ஓட்டினான்.

நடுவில் ஒருநாள், “நெஞ்செல்லாம் எரியுது மாமா” என்றான்.

“கேஸ்டா மாப்ள, ஒரு சோடா குடி” என்றேன். மேலே சொன்ன ஐந்து பேரோடு ஆறாவதாக என்னையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். ‘சொந்தம் பாதி தூரம்’ என்று எழுதி, அடுத்த வரிக்கு பிரஷ்ஷைத் தொட்டேன். பக்கத்து வண்டிக்கு அடியில் ஒரு சத்தம். ஆடு அறுபடும்போது அப்படித்தான் கத்தும். மச்சினன் முழங்காலை மடித்து ஒருக்களித்துக் கிடந்தான். கத்தியால் குத்தின மாதிரி இருக்கிறதாம்.

வைத்தியர்கள் கூடினார்கள். ஒருவர் சோடாவை உடைத்தார். ஒருவர் பெருங்காயம் கரைக்க மோருக்கு ஆள் அனுப்பினார். “கொடல் ஏறிக்கிச்சுங்க, எண்ணெயப் போட்டு நாலு தட்டு தட்டுனா எறங்கீரும்” என்று இன்னொருவர் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். மச்சினன், “தொட்டீங்கன்னா செத்துப்போவேன்” என்று பல்லைக் கடித்தான். அந்தப் பயத்தில்தான் அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டோமே தவிர, எங்கள் யாருடைய புத்தியினாலும் இல்லை.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு எங்களுக்கு முன்னாலேயே என் மாமனாரும் பெண்ணின் அப்பாவும் வந்து நின்றார்கள். போனில் தகவல் போனதும், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையிலிருந்து இருவரும் ஓடி வந்திருந்தார்கள். மாதிரிப் பத்திரிகையோடு மஞ்சள் பை மாமனாரின் கக்கத்திலேயே இருந்தது. பணியிலிருந்த டாக்டரம்மா சின்ன வயசு. முதலில் நெஞ்சுக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்தார். பிறகு வயிற்றைத் தொட்டார். முகம் மாறியது.

“வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா? இதுக்கு முன்னாடி அல்சர், நெஞ்செரிச்சல் இருந்துச்சா?”

“அய்யய்யோ, தலவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டானுங்க சாமி” என்றார் மாமனார், டாக்டரம்மாவைப் பார்த்து இல்லை, சம்பந்தியைப் பார்த்து. “ராத்திரி புரோட்டா தின்னுருக்கறான். வெறும் கேஸுங்க.”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒன்றை வைத்தியரிடம் சொல்லச் சொல்லி எந்த மூதேவியும் சொல்லி வைக்கவில்லை. மாமனார் தானாகச் சேர்த்துக்கொண்டார்.

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மச்சினனின் முனகல் அடங்கியது. மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா சம்பந்தி, ரெண்டு ஏப்பம் உட்டான்னா எந்திரிச்சு நடப்பான்.”

“வயிறு பலகை மாதிரி இருக்கு. நிக்க வச்சு எக்ஸ்ரே எடுக்கணும்” என்றார் டாக்டரம்மா.

“படமெல்லாம் எதுக்குங்க? ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறமுங்க. கையெழுத்து வேணும்னா போட்டுத் தாரேன்.”

மாமனார் என்னைத் தூண் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதைக் கடித்தார். “மாப்பிள்ளை, அந்த மாத்திரைப் பேச்ச மட்டும் எடுத்துப்போடாதீங்க. மாத்திரையில ஓடுற வண்டின்னு பேரு வந்துச்சுன்னா இந்த சென்மத்துல அவனுக்குப் பொண்ணு கெடைக்காது.”

வேறு நேரமாக இருந்தால் அந்த வார்த்தையைக் குறித்து வைத்திருப்பேன். மகன் செத்தாலும் பரவாயில்லை, மாப்பிள்ளையாகச் சாகட்டும் என்று நிற்கிற மனிதரைப் பார்த்துக் காறித் துப்பத் தோன்றியது. தோன்றியதே ஒழிய, “செரிங்க மாமா” என்றுதான் வாய் சொன்னது. மாத்திரையைப் பழக்கியவன் நான் என்று வீட்டில் தெரிந்தால் என் கதி? என் கௌரவமும் அந்தக் கட்டிலில்தான் கிடந்தது.

மச்சினனிடம் போனேன். வலி குறைந்தவன் புரண்டு படுப்பான். இவன் விரலைக்கூட அசைக்கவில்லை. மூச்சை மேலோட்டமாக, திருடுகிறவனைப் போல எடுத்தான். நெற்றியில் வேர்வை குளிர்ந்திருந்தது.

“தேவலாமா மாப்ள?”

“அசஞ்சா கிழியுது மாமா.” அடுத்த மூச்சில், “மாத்திரையச் சொல்லிராதீங்க” என்றான்.

இவனுமா! அந்த நிமிஷத்தில் எங்கள் குடும்பம் மொத்தத்தின் மேலும், என் மேலும், வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களையாவது மன்னிக்கலாம், பசிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான்; இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆளே போய்விடுவான். அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். பேப்பர் பொட்டலம் அகப்பட்டது. மாமனார் என் முழங்கையைப் பிடித்தார். உதறிவிட்டு, சம்பந்தி பார்க்கப் பார்க்க டாக்டரம்மாவின் கையில் கொடுத்தேன்.

“ஒரு வருசமாத் திங்கறானுங்க. வெறும் வயித்துல. பழக்குனது நான்தானுங்க.”

அவர் பிரித்துப் பார்த்தார். “இதுல ரெண்டு வலி மாத்திரை. இன்னொண்ணு என்னன்னே தெரியலை.” பிறகு மாமனாரிடம் திரும்பினார். “உள்ள புண்ணாகி இரைப்பை ஓட்டையாயிருக்கும்யா. அமிலம் வயித்துக்குள்ள கொட்டிட்டிருக்கு. ஊசியில வலி அமுங்கும், ஓட்டை அடைபடாது. இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா திரும்பிக் கூட்டிட்டு வர ஆள் இருக்க மாட்டார்.”

எக்ஸ்ரே படத்தில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே பிறை மாதிரி ஒரு கறுப்பு. இரைப்பையிலிருந்து கசிந்த காற்றாம். “காத்துதானுங்களா? நாஞ் சொன்னன்ல” என்றார் மாமனார். அந்த மனிதரை என்னவென்று எழுத!

அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மதியம் தாண்டும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மாமனார் என் பக்கம் திரும்பவேயில்லை. பெண்ணின் அப்பா தள்ளிப் போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். கல்யாணப் பேச்சு முறிந்தது என்றே நினைத்தேன். மூன்று மணிக்கு, ஓட்டையைத் தைத்தாயிற்று, உயிருக்குப் பயமில்லை என்று சொன்னார்கள். மாமனார் மஞ்சள் பையில் முகத்தைப் புதைத்து அழுதார். அப்போதும் என்னால் அவருக்காக இரங்க முடியவில்லை.

நான் தண்ணீர் பிடிக்கப் போன இடத்துக்குப் பெண்ணின் அப்பா பின்னாலேயே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் விரித்தார். பழைய பேப்பர். வெள்ளை, மஞ்சள், ரோஸ்.

“இது அதுதானா பாருங்க. முட்டி வலிக்கு நாலு வருஷமா போட்டுக்கிறேன்.”

“அதேதானுங்க.”

“கல்யாணத்தத் தள்ளி வச்சுக்கலாம், அதப் பத்தி ஒண்ணுமில்ல. இத மட்டும் உங்க மாமனார்கிட்ட சொல்லிடாதீங்க. சீக்காளி வீட்ல பொண்ணு எடுத்தோம்னு ஆயிடும்.”

“நெஞ்சு எரியுதுங்களா?”

“எப்பவாச்சும். அது வெறும் கேஸு.”

திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். கையை நீட்டும்போது என் சட்டைப் பையில் பேப்பர் சரசரத்தது. காலையில் வாங்கிய என் செட்டு. இவ்வளவு நடந்தும் அதை எடுத்து எறியத் தோன்றாமல், பத்திரமாக நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இரண்டு பொட்டலத்தையும் ஒரு கையிலும் அவர் மணிக்கட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவின் மேசையைப் பார்த்து நடந்தேன். மாமனார் தலையைத் தூக்கினார்.

“சம்பந்தியக் கூட்டிட்டு எங்கீங்க போறீங்க?”

“அவரும் மாத்திரையில ஓடுற வண்டிதானுங்க மாமா” என்றேன், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. “நானுந்தான்.”