புதன்கிழமை காலை மாத்திரை

என் அக்காவின் கைக்கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும். "பத்து நிமிஷம் முந்தி வச்சா எந்தச் சோம்பேறியும் கழிச்சுப் பாத்துட்டு மறுபடி படுத்துருவான். ஏழு நிமிஷத்தைக் கழிக்க யோசிக்கணும். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள செருப்பைப் போட்டுறலாம்" என்பாள். சோம்பேறி என்னும்போது அவள் பார்வை என் பக்கம் இருக்கும். அத்தான் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் வேறு யாரையும் சொல்ல வழியில்லை.

அவள் பத்தொன்பது வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்குவது அவள்தான். முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றோடு சர்க்கரைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். அவர்களை ஒரு நிமிடம் காக்க வைப்பதும் பாவம் என்று நினைப்பவள் அவள். சாவியைக் கைப்பையில் போடமாட்டாள், இடுப்பில்தான் செருகியிருப்பாள்.

ஒன்பது மணிக்குப் படுக்கை. அலாரம் கடிகாரம் சமையலறைப் பரணில், ஒரு எவர்சில்வர் பாத்திரத்துக்குள். நாலே முக்காலுக்கு அது அலறினால் எங்கள் வீட்டு வரிசையே விழித்துக்கொள்ளும். தெருவில் அவளுக்கு 'அலாரம் அக்கா' என்று பெயர். எழுந்து போய், ஸ்டூல் போட்டு, அதை அடக்கிவிட்டு, இருட்டிலேயே மாத்திரைப் பெட்டியைத் தடவி எடுப்பாள். ஏழு நாளுக்கு ஏழு அறை. அன்றைய மூடியைத் திறந்து, பிரஷர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். விளக்குப் போடமாட்டாள். தம்பி எடுத்து வைத்தது, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

எனக்கு மருந்துக் கடையில் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாத்திரை எடுத்துக் கொடுப்பேன் என்று பீற்றிக்கொள்கிறவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளுடைய பெட்டியை நிரப்புவது என் பொறுப்பு. வீட்டில் நான் செய்கிற ஒரே உருப்படியான காரியம் என்றும் சொல்லலாம்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக நான் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல், கடையிலிருந்தே எடுத்தது. "உடம்பு அலுத்தா தூக்கம் தானா வரும், மாத்திரையில வர்றது தூக்கமில்ல, மயக்கம்" என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? அட்டையைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று, மாத்திரைகளைப் பிதுக்கி ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிறு இரண்டையும் ஒரே மேசையில் பிதுக்கினேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவு. அவளுடையதில் நடுவே ஒரு கோடு உண்டு, என்னுடையதில் கிடையாது. பாதியில் நண்பன் போனில் வந்தான். அரை மணி நேரம் வெட்டிப் பேச்சு. பேசிக்கொண்டே அறைகளை நிரப்பி மூடினேன்.

புதன்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பையைக்கூடக் கீழே வைத்திருக்கவில்லை.

"பஸ்ல தூங்கிட்டேன்டா. கடைசி ஸ்டாப்புல கண்டக்டர் தட்டி எழுப்புனாரு. திரும்பி வர்ற பஸ்ல ஏறுனேன். அதுலயும் தூங்கிட்டேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். அதற்கு முன்பே, முதலாளி வீட்டிலிருந்து மாற்றுச் சாவி வருவதற்குள், வரிசையில் முதலில் நின்ற ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் மயங்கி விழுந்துவிட்டார். படியின் விளிம்பு நெற்றியில் பட்டு மூன்று தையல். நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

"முதலாளி ஒரு வார்த்தை திட்டல. 'வயசாகுதுல்லம்மா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க'ன்னு சாவியை வாங்கிக்கிட்டாரு. புதுசா வந்த பொண்ணுகிட்ட குடுத்துட்டாரு."

நான் உள்ளே போய்ச் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். மூன்று மாத்திரைகள் கிடந்தன. ஒன்றில் கோடு இருந்தது.

அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். ராத்திரி சொல்லலாம் என்று இருந்தேன், அப்புறம் காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். கடை முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு என் வேலை போய்விடும் என்பதும் மனதில் ஓடியது. மீதி நாட்களின் அறைகளை மட்டும் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், வேறென்ன?

நான் வாயை மூடிக்கொண்டிருக்க, அவள் தன் உடம்பைத் திருத்தத் தொடங்கினாள். ஒன்பது மணிப் படுக்கை எட்டானது. அவளுக்கென்று இருந்த ஒரே சுகம் சாயங்கால டீ. அது தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று அதை விட்டாள். இரண்டாவது அலாரம் வாங்கி, என் அறையில் வைத்தாள். காலையில் தலையோடு பச்சைத் தண்ணீர். "எனக்கு வந்த சோம்பலை நான்தான் விரட்டணும்" என்பாள். அவள் சோம்பல் என்று சொல்லும்போது இப்போது என்னைப் பார்ப்பதில்லை. அதுதான் என்னைக் கொன்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, சோறே இறங்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று. என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, "உனக்குச் சர்க்கரையா இருக்கும், வெறும் வயித்தோட கிளம்பு" என்று ஒருநாள் விடியற்காலையில் என்னையும் பஸ்ஸில் ஏற்றினாள்.

பஸ்ஸில் மொத்தம் நாலு பேர். மற்ற இருக்கைகளெல்லாம் காலி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருக்கா."

"வேண்டாம்டா. உக்காந்தா தூங்கிருவேன்."

"தினமும் நின்னுக்கிட்டா போற?"

"இருபத்தஞ்சு நிமிஷம்தானே."

அவளுக்கு மூட்டு வலி உண்டு. அதற்கான தைலத்தைக் கடையிலிருந்து வாங்கி வருவதும் நான்தான். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது வலது முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் பழகியவர் போலப் பேசாமல் கடந்து போனார். எனக்கு அழுகை வந்தது. அதற்கு மேல் தாங்க முடியாமல், டப்பாவை எடுத்து நீட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, போன், கோடு, இரண்டு வருடம், எல்லாம்.

அவள் டப்பாவை வாங்கவில்லை. கம்பியை விடவுமில்லை.

"அப்போ அன்னைக்கு நான் தூங்கல?"

"இல்லக்கா. நான்தான் தூங்க வச்சுட்டேன்."

"மூணு மாசமா டீ குடிக்கலடா நான்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாக, முழங்காலைத் தாங்கி, மூன்று மாதத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"உங்க முதலாளிகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றேன்.

"சொல்லி? உன் கடைக்குத் தெரியாம இருக்குமா? ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது பேரு கெடாம இருக்கட்டும். நீ வாயைத் திறக்கக் கூடாது." டப்பாவைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். "சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். எப்படி நிறுத்துறதுன்னு கேக்குறோம்."

அவள் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்த தப்பைவிட அந்த நிம்மதிதான் இன்றைக்கும் கூச வைக்கிறது.

லேப் வாசலில் ஆறு பேர் நின்றார்கள். ஷட்டர் மூடியிருந்தது. பத்தொன்பது வருடம் அதைத் தூக்கியவள் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, "இப்ப வந்துரும் அந்தப் பொண்ணு" என்று அவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வரும்போது மணி ஆறு பன்னிரண்டு.

சாயங்கால டீ திரும்ப வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து போகிறாள். சாவி வரவில்லை. என்னை எட்டு மணிக்கே படுக்க அனுப்புகிறாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கமும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரைப் பெட்டியை அவளே கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள், முன்பு போலவே. ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை.

ஆனால் நாலே முக்காலுக்கு அலாரத்தை அடக்கியதும் சமையலறையில் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் என் கட்டில்வரை வரும். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் திருப்பிக் கோடு இருக்கிறதா என்று பார்க்கிறாள். பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறாள். நான் கண்ணை மூடித் தூங்குகிறவன்போலக் கிடப்பேன். விளக்கு அணையும்வரை மூச்சுகூடச் சத்தமாக விடுவதில்லை.