சென் அண்ணையின் கும்பிடு

இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குவித்து, இடுப்பு முறிகிற மாதிரிக் குனிந்து, "நான் வந்திட்டன், எல்லாரும் சுகமே?" என்கிறார் சென் அண்ணை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எந்த விசேஷத்துக்கும் அவர் இப்படித்தான் நுழைவார். போன மாதம் ஒரு செத்தவீட்டிலும் இதையே கேட்டார். செத்தவருடைய தங்கை அழுகையை நிறுத்திவிட்டு, "ஓம் அண்ணை, சுகம்" என்றாள்.

தாய்வானில் அவர் நகரசபை உறுப்பினராக இருந்தவர். அங்கே வாக்கு வேண்டுமானால் தொகுதியில் ஒரு கலியாணத்தையும் ஒரு சாவையும் விடக்கூடாது. குனிந்து குனிந்தே நாலு தேர்தல் வென்றார். ஐந்தாவதில் நாற்பத்தொரு வாக்கால் தோற்றார். கட்சிக்காரர்கள் பாவம் பார்த்து அவரை ராஜதந்திரியாக்கிப் பாரிசுக்கு அனுப்பினார்கள். பிரான்ஸ் அவருடைய நாட்டை ஒரு நாடென்றே ஏற்பதில்லை. அவருடைய அலுவலகத்துக்குத் தூதரகம் என்ற பெயரும் இல்லை. பெரிய மனிதர் எவரும் கூப்பிடவில்லை. கொத்துரொட்டி சாப்பிட வந்த இடத்தில் ஈழத்தமிழர்கள் கூப்பிட்டார்கள்; தமிழும் அவர்களிடமே பழகினார்.

"நாடு இருக்கு, ஆனா இல்லை. எங்கடை கேஸ்தான்" என்று பக்கத்து மேசையிலிருந்த யசோதினி அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பெண் பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் ஒன்றும் தப்பாது. போகிற இடமெல்லாம் டிஷ்யூ பொட்டலம் கொடுப்பார். அதில் அவருடைய படமும், 'எனக்கே வாக்களியுங்கள்' என்று சீன மொழியில் ஒரு வரியும் இருக்கும். தோற்ற தேர்தலில் மிஞ்சியவை.

போன மாதம் மேலிடத்துக் கடிதம் வந்தது. இந்த மாதம் முடிவதற்குள் பிரெஞ்சுத் தலைவர் ஒருவரோடு நிற்கும் படம் வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டும். ஊருக்குப் போனால் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரோ என்று பார்க்கவேண்டி வரும். அந்தப் பகுதியின் துணை மேயருக்கு ஆறு தரம் எழுதிப் பார்த்தார். ஆறு தரமும் நேரமில்லை என்று பதில்.

ஆனால் யசோதினியின் புடவைக்கடைத் திறப்புவிழாவுக்கு அதே துணை மேயர் வந்தார். குத்துவிளக்கில் முதல் திரியை அவர் ஏற்றி, மெழுகுதிரியைச் சென் அண்ணையிடம் கொடுக்கவேண்டும் என்று யசோதினி ஏற்பாடு செய்துவிட்டாள்.

"கமெராவைப் பாருங்கோ அண்ணை. கும்பிட்டுக் குனிஞ்சிடாதேங்கோ!" என்றான் படம் எடுக்கிற ஜோன்சன்.

"ஓம், ஓம். குனியமாட்டன்."

துணை மேயர் சிரித்தபடி மெழுகுதிரியை நீட்டினார். இத்தனை வருடப் பழக்கம் விடுமா? சென் அண்ணை தரையைத் தொடுகிறவர்போலக் குனிந்தார். கமெரா மின்னியது. முன்மயிர் கருகாதது பிள்ளையார் புண்ணியம். நிமிர்ந்தபோது துணை மேயர் அடுத்த கூட்டத்துக்குப் புறப்பட்டிருந்தார்.

படத்தில் துணை மேயர் பல் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் ஒரு நரைத்த உச்சந்தலை.

"ஆரெண்டே தெரியேல்லை, அண்ணை" என்றாள் யசோதினி அழாக்குறையாக.

சென் அண்ணை படத்தை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, உச்சந்தலைக்கு ஓர் அம்புக்குறி போட்டுத் தன் பெயரை எழுதினார். பிறகு தன் அலுவலக முத்திரையை எடுத்து வாயருகே கொண்டுபோய் ஒருதரம் ஊதி, பெயருக்குப் பக்கத்தில் பலமாக அழுத்தினார்.