கயிற்றில் அசைந்த துடுப்பு

அன்று நொச்சிக்குப்பத்துக் குடிசை வாசலில் நான், அக்கா, அக்காவின் புருஷன் மூவரும் இருந்தோம். எந்த மீனுக்காகக் கூடியிருந்தோமோ அது இல்லை. அந்த இனம் அற்றுப்போய்ப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. என் நோட்டில் அதன் எலும்புப் படம் மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது விலங்கியல் படிப்பில் கடைசி வருடம். அந்தப் பழங்காலச் சதைத்துடுப்பு மீனின் முன்துடுப்பை மரத்தில் செய்து காட்ட வேண்டும். சரியாக வந்தால்தான் எம்.எஸ்ஸி.க்குப் பரிந்துரைக் கடிதம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

அக்காவின் கூடையிலிருந்த வஞ்சிரத்தின் துடுப்பு விசிறிக் குச்சிகளை விரித்தது போல இருந்தது. படத்து மீனுக்கோ தோளருகே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு சின்னச் சின்னதாகப் பல, சுற்றிலும் சதை. மாமா தன் கையை மேலிருந்து கீழாக அமுக்கிப் பார்த்தார்.

“இன்னா மச்சி, எனக்கும் இதே கணக்காத்தான் கீது.”

“அதான் மாமா. இந்த மாதிரி துடுப்புதான் பின்னால கையா மாறிச்சு.”

“கொயம்புல போட்டா நம்மளயே புடிச்சிக்கும்,” என்றாள் அக்கா.

மாமா கட்டுமரத் துண்டுகளை எலும்புகளாகச் செதுக்கிச் சாயம் பூசினார். ஆணியைக் கொடுத்து, பொருத்தி வைக்கச் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லா மூட்டும் கயிற்றுக்கட்டு.

“ஆணி இன்னாச்சு மாமா?”

“ஆணி அடிச்சா அலையில பொளந்துக்கும்.”

“இது தண்ணியிலயே போவாது மாமா.”

“மீனுன்ற. தண்ணில போவாதுன்ற.”

அவிழ்த்து ஆணி அடிக்க நேரமில்லை. மறுநாள் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். கடிதம் போச்சு என்றே நினைத்தேன்.

பேராசிரியர் ஒரு விரலால் துடுப்பைத் தூக்கினார். அது தோளில் எழுந்து, நடுவில் மடங்கி, மேசையில் ஊன்றி நின்றது. ஆழமற்ற நீரில் சேற்றை உந்தி நகர்ந்த ஓர் உடம்பு என் கண்ணெதிரே வந்தது. அத்தனை நாளும் எலும்புகளின் பெயரை மட்டும்தான் படித்திருக்கிறேன்.

“யாருப்பா கட்டினது?”

“எங்க மாமா சார். கடலுக்குப் போறவர்.”

“எலும்பையே பாத்துண்டிருந்தேன். எப்படி அசைஞ்சிருக்கும்னு இப்பத்தான் தெரியறது,” என்றவர், அங்கேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதினார்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். மாமா கடலுக்குப் போகவில்லை. புதுக் கயிறு விறைப்பாக இருக்கும், மூட்டு மடங்காது என்று தன் கட்டுமரத்துக் கயிற்றையே அவிழ்த்திருக்கிறார். வேறு கயிறு வந்து கட்டுமரம் கடலில் இறங்க இரண்டு நாள் ஆயிற்று. எவ்வளவு செலவு என்று நான் விடாமல் கேட்ட பிறகுதான் அக்கா சொன்னாள்: கயிறு மூன்று ரூபாய், சாயம் ஒன்றே முக்கால், இரண்டு நாள் மீன்பாடு போனது பன்னிரண்டு. ஆக மொத்தம் பதினாறே முக்கால் ரூபாய்.