குவார்ட்டர் பாட்டில்ல தலை எண்ணெய்

போன மாசம் நானும் என் வீட்டுக்காரியும் சென்னை துறைமுகத்துல சொகுசுக் கப்பல் ஏறினோம். பாண்டிச்சேரி நெல்லித்தோப்புலேருந்து கப்பல்ல போற மொத ஆளு நான்தான்னு ஒரு நெனப்பு. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட்டு, அவளோட சர்க்கரை மாத்திரை எல்லாத்தையும் ஒரே பையில போட்டு பெரிய பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். பெட்டிய கீழயே வாங்கிக்கிட்டு, "ரூமுக்கு வந்துடும் சார்"னாங்க.

சாப்பாட்டு நேரம் ஆச்சு, பெட்டி வரல. மாத்திரை போடாம சாப்பிடக் கூடாதுன்னு அவ தட்டப் பாத்துக்கிட்டு சோர்ந்துபோய் உக்காந்திருக்கா. பக்கத்து ரூம் பெட்டியெல்லாம் வந்துடுச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல. விசாரிச்சா, செக்யூரிட்டி ரூமுக்குப் போகச் சொன்னாங்க.

அங்க இருந்தவர், "எந்த ஊரு?"ன்னார்.

"பாண்டிச்சேரி சார்."

"சரக்கு கொண்டு வரக் கூடாதுன்னு தெரியாதா?"

"நான் குடிக்கறதே இல்லையே சார்."

"இப்பதான பாண்டிச்சேரின்னீங்க."

பெட்டியத் திறந்தப்புறம்தான் வெளங்குச்சு. மூடி இறுக்கமா இருக்குமேன்னு தலை எண்ணெய காலி பிராந்தி பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன். எங்க ஊர்ல காலி பாட்டிலுக்கா பஞ்சம்? வேற வழி தெரியாம, அவர் முன்னாடியே என் வழுக்கையில ஊத்தித் தேய்ச்சுக் காட்டினேன். அவரு பரிதாபப்பட்டு பெட்டியக் குடுத்துட்டார்.

எண்ணெய் வழிய ஓடி வந்து மாத்திரையக் குடுத்தேன். போட்டுட்டுதான் கேட்டா, "பெட்டி வாங்கப் போனீங்களா, குளிக்கப் போனீங்களா?"

இப்பல்லாம் எங்க போனாலும் மாத்திரை என் சட்டைப் பையிலதான். பெட்டிய அவ அடுக்கறா. நான் எடுத்துக் குடுக்கற பாட்டில மட்டும் ரெண்டு தடவ மோந்து பாத்துட்டு வைக்கறா.