பிள்ளைக்கு விட்ட முறை

எங்கள் வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது. அம்மை அமரவிளையில் தையல் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதனால் சாயங்கால ஜெபம் எனக்கு மாமன் வீட்டில்தான்.

ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம். முதலில் மாமன், அடுத்து மாமி, பிறகு நான். மாமி ஆமென் சொன்னால் எழும்பி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்னலாம். ஒருநாள் நான் சொல்லி முடித்தும் மாமி ஆமென் சொல்லவில்லை. கண்ணை மூடியபடி இருந்தாள். மறுநாளும் அப்படித்தான். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். மாமனும் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

எழும்பியதும் மாமியிடம் கேட்டேன்.

“அது பிள்ளைக்க முறை ஆக்கும்” என்றாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தத்தெடுக்க எழுதிக் கொடுத்திருந்தார்கள். சபையிலும் அதற்காக ஜெபித்தார்கள். ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. வராத பிள்ளை எப்படி வசனம் சொல்லும்? காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். பல்லி கத்தியது. ரோட்டில் பஸ் போனது. ஒருநாள் முறை வீணாகப் போகிறதே என்று, இருப்பதிலேயே குட்டி வசனத்தை அந்த இடத்தில் நானே சொல்லிவிட்டேன். மாமி கண்ணைத் திறக்காமலே என் தொடையைக் கிள்ளினாள்.

“உனக்க முறை கழிஞ்சாச்சு மக்கா. மத்த பிள்ளைக்கதை எடுக்கப்பிடாது.”

தத்துக் கொடுக்கிற ஆபீஸிலிருந்து வீட்டைப் பார்க்க ஒரு அம்மா வந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் ஜெபத்துக்கும் இருந்தாள். மாமன் அடுக்களைக்குப் போய் மாமியிடம் தாழ்ந்த குரலில், “இன்னைக்கு மட்டும் அதை விட்டிரு. கிறுக்கு எண்ணு எழுதி வச்சா பிள்ளை கிட்டாது” என்றார். மாமி மீன்கறியை இறக்கி வைத்தாள். ஜெபத்தில் அதை விடவில்லை.

யாருக்குக் காத்திருக்கிறோம் என்று அந்த அம்மா மலையாளத்தில் மெதுவாக என்னிடம் கேட்டாள். வரப்போகிற பிள்ளைக்கு என்றேன். மாமன் முகம் செத்துப்போயிற்று. அந்த அம்மா ஒன்றும் எழுதவில்லை. தானும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மரச்சீனி இரண்டு தடவை நட்டுப் பிடுங்கினோம். பிள்ளை வந்தாள். நாலு வயது. வடக்கே எங்கோ உள்ளவள். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஜெபத்துக்குப் பாயில் உட்கார வைப்பதே பாடாகிவிட்டது.

மாமன் சொன்னார். மாமி சொன்னாள். நான் சொன்னேன். அவள் முறை வந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. எங்களைப் பார்த்தாள், பிறகு பல்லியைப் பார்த்தாள். எனக்குக் குட்டி வசனம் நாக்கு நுனியில் நின்றது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கத்தைவிட நெடுநேரம் போயிற்று. பிறகுதான் ஆமென் சொன்னாள். முகமெல்லாம் கண்ணீர்.

பிள்ளை வசனம் சொல்லாத வருத்தம் என்று நினைத்தேன்.

“நாளைக்கு நான் படிப்பிச்சுக் குடுக்கேன் மாமி” என்றேன்.

மாமி அழுதபடியே சிரித்தாள்.

எத்தனையோ நாள் அந்த இடத்தில் யாரும் பேசவில்லை. அன்றும் யாரும் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் எதற்கு அழுதாள் என்று யோசித்துக்கொண்டே மரச்சீனி தின்றேன்.