பச்சையம்மாவின் பத்தொன்பதாவது ரேஸ்

திருவொற்றியூரில் பச்சையம்மாவின் வீடியோ கேம் கடையில் டிவியோடு மாட்டி ஆடும் கேம் பெட்டி கடைசி ஆறு மாதமும் தலைகீழாகத்தான் ஓடியது. சிடியைப் படிக்கும் லென்ஸ் தேய்ந்துவிட்டால் பெட்டியைக் கவிழ்த்து வைக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் ஓடும். கேம் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். 2004 மார்ச்சில் அதுவும் பலிக்கவில்லை. பெட்டி நின்றுபோனது.

நாற்பத்து மூன்று வயதுப் பச்சையம்மாவுக்கு அப்போது முதலில் கடை ஞாபகம் வரவில்லை. பத்தொன்பதாவது ரேஸ்தான் வந்தது.

ஆளில்லாத மத்தியான வேளையில் அவளே உட்கார்ந்து கார் ரேஸ் ஆடுவாள் என்பது கம்பெனி வேலைக்குப் போகும் புருஷன் அப்பாவுவுக்குக்கூடத் தெரியாது. சைக்கிள் ஓட்டிக்கூடப் பழக்கமில்லாதவள். ஆனால் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வளைவுக்கு முன்னாலேயே வேகம் குறைப்பதைப் பார்த்துப் பார்த்து, எங்கே பிரேக் பிடிப்பதென்று கற்றிருந்தாள். ஒன்றை ஜெயித்தால்தான் அடுத்தது திறக்கும். மொத்தம் இருபது ரேஸ். இரண்டு வருஷத்தில் பதினெட்டை முடித்திருந்தாள். அத்தனையும் தீப்பெட்டி அளவு மெமரி கார்டில் இருந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

அப்பாவு யாரிடமோ கேம் ஆடும் கைப்பிடி ஒன்றை இரவல் வாங்கி வந்தான்.

"இத்தப் பாருமே. இதுக்குள்ளயே எழுபத்தாறு பழைய கேம் கீது. சிடி வேணாம், கார்டு வேணாம். டிவில சொருவுனா ஆச்சு."

அதிலும் ஒரு கார் ரேஸ் இருந்தது. மூன்று ரவுண்டு ஜெயித்துவிட்டு அணைத்துப் போட்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"ஆஃப் பண்ணா எல்லாத்தயும் மறந்துடுதேய்யா!"

"மறந்தா இன்னா? கேம் ஆட வர்றவன் இன்னா குடும்பமா நடத்தப் போறான்?"

"எதுக்கும் புதுசு ஒண்ணு பாத்துட்டு வரலாம், வா."

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, எதிரே பர்மா பஜாரில் கேம் பெட்டி விற்கும் மஜீது கடைக்குப் போனார்கள். அவள் பையில் பழைய சிடியும், கர்ச்சீப்பில் முடிந்த கார்டும் இருந்தன.

"பழைய சிடியும் இதுல ஓடும்க்கா. கண்ண மூடிகினு வாங்கு," என்றான் மஜீது.

"ஓட்டிக் காட்டு. கண்ணத் தொறந்துகினே வாங்குறேன்."

சிடி ஓடியது. அதே கார், அதே பாட்டு. ஆனால் முதல் ரேஸ் மட்டுமே திறந்திருந்தது. மற்றவையெல்லாம் பூட்டிக் கிடந்தன. பச்சையம்மாவின் முகம் தொங்கிவிட்டது.

"அதான் ஓடுதே. இன்னும் இன்னாக்கா?"

அப்போதுதான் கவனித்தாள், செருகியிருந்தது புதுக் கார்டு. கர்ச்சீப்பை அவிழ்த்தாள்.

"இத்தப் போடு."

"பழசுக்கா இது. புதுப் பெட்டிக்குப் புதுக் கார்டு."

"சிடி பழசுதானே? அதுக்குப் பழைய கார்டுதான். போடுப்பா."

மஜீது சலித்துக்கொண்டே செருகினான். திரையில் ஆங்கில எழுத்தில் 'பச்சை' என்று வந்தது. கீழே பதினெட்டு கோப்பைகள். பத்தொன்பதாவது ரேஸ் திறந்திருந்தது.

"யாருக்கா இந்தப் பச்சை? கில்லாடியா கீறான்!"

அப்பாவு திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இன்னாமே இது?"

"மத்தியானம் படுத்துத் தூங்குறேன்னு நெனச்சியா?"

அங்கேயே நின்றபடி ஆடினாள். மூன்றாவதாக வந்தாள். முதலாவதாக வந்தால்தான் ஜெயித்த கணக்கு.

"கடைசி வளைவுல அவசரப்பட்டு பிரேக் புடிச்சிட்டேன்," என்றாள், யாரும் கேட்காமலே.

அப்பாவு மஜீது பக்கம் திரும்பினான். "பெட்டியக் கட்டு நைனா. அந்தக் கார்டு மட்டும் அவ கைல இருக்கட்டும்."

திரும்பும் ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் கொருக்குப்பேட்டை தாண்டியதும் வாயைத் திறந்தான்.

"நாளைக்கு எனக்கு நைட் ஷிப்டு. மத்தியானம் வூட்லதான் கீறேன்."

"அதுக்கு?"

"சும்மா குந்திகினு பாக்குறேன்."

"பாரு. நடுவுல கைய வச்சேன்னா தெரியும்," என்றாள் பச்சையம்மா.