ஒரு கோடு அதிகம்

"உங்க மக ரத்தத்துல ஒரு கோடு அதிகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். மிசாவோ அன்றிலிருந்து அந்த ஒரு கோட்டையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அணுகுண்டு விழுந்த அன்று நாகசாகியில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, குன்றின் மேலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். மாவுக்கூழில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் ரத்தத்தின் புரதங்கள் கோடுகளாகப் பிரியுமாம். மகள் சிசுருவுக்கு மட்டும் யாருக்கும் இல்லாத இடத்தில் ஒன்று. பெற்றவர்களில் ஒருவருக்கு அது இருந்தால் பரம்பரை. இருவருக்கும் இல்லையென்றால் குண்டின் வேலையாக இருக்கலாம். அதனால் இருவரும் ரத்தம் தர வேண்டும்.

மிசாவோ பெற்றிருந்தால் அல்லவா தருவதற்கு!

இருபத்தைந்து வருஷத்துக்கு முன், அவர்கள் வீட்டிலேயே இருந்த அவள் தங்கை ஹருயோ, கல்யாணமாகாமலே பிள்ளை பெற்று மூன்றாம் நாள் செத்துப்போனாள். ஆள் யாரென்று கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருத்துவச்சி நல்லவள். பிறப்புச் சீட்டில் தாய் மிசாவோ, தகப்பன் அவள் புருஷன் தோகுஜி என்று எழுதிவிட்டாள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த தோகுஜி மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே மிசாவோ அவரைச் சாமியாக நினைத்தாள். தங்கையைக் கெடுத்தவனை மட்டும் வருஷந்தோறும் அவள் கல்லறையில் விளக்கேற்றும்போது மனசாரச் சபித்தாள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தானே. ரத்தம் கொடுத்தால் தாயல்ல என்று தெரிந்துவிடும். சிசுரு 'அம்மா' என்று கூப்பிடுவாளா? கொடுக்காவிட்டால் குண்டு பட்ட ரத்தமென்று ஜூனில் வைத்திருக்கும் அவள் கல்யாணம் நின்றுவிடும். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் ஆள் விட்டு விசாரிக்கிறார்கள்.

தோகுஜி இரண்டு நாள் இருட்டிய பிறகே வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள், "கொடுத்துடலாம். பிள்ளை வாழணும்" என்றார். பாவம், அவருக்கும் பயம் என்று மிசாவோ நினைத்தாள்.

அடுத்த மூன்று வாரம் வீட்டுக்கு ஏறிவரும் கல்படியில் காலடி கேட்டாலே அவள் எட்டிப்பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் நர்ஸ் வந்தேவிட்டாள். சிசுரு வேலைக்குப் போயிருந்தாள். தோகுஜி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மிசாவோ உள்ளேயிருந்து வந்தாள்.

நர்ஸ் முகமெல்லாம் சிரிப்பு. "குண்டெல்லாம் இல்லம்மா. நிம்மதியா கல்யாணத்தை நடத்துங்க. ஊருக்கு ஊர் இந்தக் கோடு மாறும். கொரியா பக்கம் ஒரு மாதிரி, தீவுப் பக்கம் ஒரு மாதிரி. இது ரொம்ப அபூர்வம். உங்க வீட்டுக்காரர் பிறந்த தீவுல ஒரு குடும்பத்துல பார்த்திருக்கோம். உங்ககிட்ட இல்ல. அப்படியே அப்பாகிட்டேயிருந்து வந்திருக்கு."

மிசாவோ முறைப்படி இடுப்பு வளைய வணங்கினாள். நிமிர வெகுநேரமாயிற்று. இத்தனை நாள் எதற்குப் பயப்பட வேண்டுமென்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க. இவருக்குச் சரியா காதுல விழல போல."

தோகுஜி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.